ஆபிப் மாதம் யாருக்கு முதல் மாதம்?

(கள்ளக்குறிச்சியில் லெந்துகாலக் கூடுகை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எபிரெய நாட்காட்டியின் முதல் மாதத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மோசேயின் புத்தகங்கள் அதை ஆபிப் என்கின்றன. பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்ட நெகேமியாவும் எஸ்தரும் நிசான் என்கின்றன. நம் கணக்கில் அது பங்குனியில் வரும், சில வருஷம் சித்திரைக்குத் தள்ளிப்போகும். தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் ஞாபகம் வந்திருக்கலாம். பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு ஒரு மாதம். அதற்கு நேராக ஒரு கோத்திரம், ஒரு எபிரெய எழுத்து, அடியில் ஒரு வாக்குத்தத்தம். நிசான் என்றால் யூதா கோத்திரம், ஹே என்ற எழுத்து, துதித்தால் வாசல் திறக்கும் மாதம் என்று போட்டிருக்கும். சக் பியர்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் கோத்திரங்களையும் மாதங்களையும் பற்றி 2011-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதற்கும் முன்னும் பின்னும் இந்தப் போதனை பல வழிகளில் பரவியது. மாதப் பிறப்பன்று வாக்குத்தத்த வசனம் வாங்குவது நம் சபைகளில் ஊறிய வழக்கம் ஆகையால், இங்கேயும் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். கோத்திர வரிசை எண்ணாகமம் 2-ஆம் அதிகாரத்தின் பாளய ஒழுங்கு. யூதா, இசக்கார், செபுலோன் என்று அது தொடங்கும். அந்தக் கோத்திரங்களை மாதங்களோடு முடிச்சுப் போட்டது வேதம் இல்லை. எழுத்துகளின் கதை இன்னும் சுவாரசியம். அவை செபெர் யெட்சிரா என்ற பழைய யூத மறைஞான நூலில் இருக்கின்றன. எபிரெய எழுத்துகளில் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம், ஓர் உடலுறுப்பு, ஒரு ராசி என்று அந்த நூல் பங்கிடுகிறது. ஆம், ராசி. நிசானுக்கு அது கொடுக்கும் ராசி மேஷம். நம்மூர்ப் பஞ்சாங்கம் சித்திரைக்குக் கொடுப்பதும் மேஷம்தான். ஜாதகக் கட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஞானஸ்நானம் எடுத்த குடும்பத்துக்குள் அதே மேஷம் எபிரெயப் பெயர் வைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. ராசிபலன் பார்க்கிறவர்களை நாம் பிரசங்கத்தில் திட்டுகிறோம். மாதபலனை வாக்குத்தத்தம் என்று பகிர்கிறோம்.

மாதத்துக்குப் பலன் பார்த்த மனுஷன் ஒருவன் வேதத்திலேயே இருக்கிறான். எஸ்தர் 3-ஆம் அதிகாரத்தில், அகாஸ்வேரு ராஜாவின் 12-ஆம் வருஷம், நிசான் மாதத்தில், எந்த நாள் உகந்தது, எந்த மாதம் உகந்தது என்று அவன் முன்னால் சீட்டுப் போடுகிறார்கள். ஆதார் மாதத்தில் சீட்டு விழுகிறது. பார்த்தவன் ஆமான். எதற்குப் பார்த்தான் என்பது உங்களுக்குத் தெரியும்: யூத ஜனத்தைக் கூண்டோடு அழிக்க நல்ல நாள். அந்த அழிவு ஓலை எழுதப்பட்ட தேதியையும் அதே அதிகாரம் தருகிறது. நிசான் 13. பஸ்காவுக்கு முந்தின நாள். அவன் குறித்த நல்ல மாதம் அவன் தலைக்கே வினையாக முடிந்தது. ஆகவே எந்த மாதம் ராசியான மாதம் என்ற கேள்வியை ஆமான் பக்கம் தள்ளிவிட்டு மேலே போகலாம்.

அப்படியானால் ஆபிப் மாதத்தை இஸ்ரவேலர் எப்படி அறிந்தார்கள்? வானத்தைப் பார்த்தார்கள், உடனே வயலையும் பார்த்தார்கள். பிறை கண்டால் மாதம் பிறந்தது. ஆனால் பன்னிரண்டு பிறை சேர்த்தால் 354 நாள்தான் ஆகும். சூரிய வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் குறை. அப்படியே விட்டால் பஸ்கா மெல்ல மெல்ல குளிர்காலத்துக்கு நழுவிவிடும். அறுப்பின் முதற்கதிரை ஆலயத்தில் அசைவாட்ட வேண்டும் என்று லேவியராகமம் 23 சொல்கிறது. அதற்கு வாற்கோதுமை முற்றியிருக்க வேண்டும். முற்றவில்லையென்றால் இன்னொரு ஆதார் மாதத்தைச் செருகி வருஷத்தை நீட்டினார்கள். இன்று அது கணக்காகிவிட்டது. 19 வருஷத்துக்கு 7 முறை. கராயிட் யூதர்களில் சிலர் மட்டும் இன்னும் இஸ்ரேலின் வயல்களில் கதிரைப் போய்ப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

அந்தக் காலத்தில் மாதத்தைச் செருகும் முடிவை எடுத்த நியாயசபையைப் பற்றி தல்மூதின் சன்கெத்ரின் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை நான் பல பிரசங்கங்களைவிட மேலாக மதிக்கிறேன். வாற்கோதுமை, மரத்துப் பழம், சூரியனின் நிலை என்று மூன்று அடையாளம் பார்ப்பார்கள். இரண்டு சேர்ந்தால் மாதத்தைக் கூட்டுவார்கள். அதோடு வேறு காரணங்களுக்காகவும் கூட்டலாம். மழையில் சாலை அரித்துப்போயிருந்தால் கூட்டலாம். பாலம் உடைந்திருந்தால் கூட்டலாம். பஸ்கா ஆட்டைச் சுடும் மண்ணடுப்புகள் ஈரத்தில் இடிந்துபோயிருந்தால், அவை காயட்டும் என்று கூட்டலாம். தூர தேசத்திலிருந்து புறப்பட்ட யூதர்கள் இன்னும் வந்து சேரவில்லையென்றால், அவர்களுக்காகவும் கூட்டலாம். வான சாஸ்திரம் தெரிந்த நியாயாதிபதிகள், நடந்து வருகிறவன் காலையும் ஏழை வீட்டு அடுப்பையும் பார்த்து வருஷத்தையே ஒரு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையில் மழைக்காலத்தில் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த சனங்களுக்குச் சாலை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிலா நமக்கு அந்நியமான நிலாவா? இல்லை. நம் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் ரெட்டியார் வீடுகள் உண்டு. அவர்கள் உகாதி கொண்டாடும் அமாவாசைக்கு அடுத்த நாளும் நிசான் முதல் தேதியும் பல வருஷங்களில் ஒன்றாகவே விழும். 2024-ல் இரண்டும் ஏப்ரல் 9. 2025-ல் இரண்டும் மார்ச் 30. நிசான் 15 முழுநிலா. 2025 ஏப்ரல் 11-ந் தேதி தியாகதுருகம் சாலையில் பங்குனி உத்திரக் காவடி போனதைப் பார்த்திருப்பீர்கள்; மறுநாள் மாலை உலகெங்கும் யூத வீடுகளில் பஸ்கா மேசை போட்டார்கள். 2024-ல் அது சித்திரைப் பௌர்ணமியோடு சேர்ந்தது. அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான் நம் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கையர் நாடெங்கிலுமிருந்து வந்து கூடுகிறார்கள். ஒரே நிலா. அதன் கீழே ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நிலாவில் தனி அபிஷேகம் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை; சொல்லப்படும் கதையில்தான் விசேஷம்.

நிலாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014, 2015-ல் ‘இரத்த நிலா’ என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஜான் ஹேகி என்ற அமெரிக்கப் போதகர் 2013-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் அடுத்தடுத்து பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலும் விழுகின்றன, உலகத்துக்குப் பெரிய காரியம் நடக்கப்போகிறது என்றார்கள். சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டும்தான் வரும். அந்த இரண்டு பண்டிகைகளும் பௌர்ணமியில்தான் தொடங்கும். இதில் ஆச்சரியப்பட எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாவது கிரகணம் 2015 ஏப்ரல் 4, சனிக்கிழமை, நிசான் 15. மறுநாள் நமக்கு ஈஸ்டர். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 செவ்வாய்க்கிழமை, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப்போனவர்கள் என்று தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திர போலீஸ் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலையும் மலையடிவாரமும் அவர்களில் பலருக்குச் சொந்த ஊர். நம் கல்வராயன் மலையிலிருந்தும் அந்த வேலைக்குப் போய் ஜெயிலில் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். பஸ்கா வாரம் முடியவில்லை. புளிப்பில்லாத அப்ப நாட்கள் நடந்துகொண்டிருந்தன. நாம் சந்திரன் சிவப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம் இரத்தம் எங்கே சிந்தியது என்று எத்தனை சபையில் ஜெபக்குறிப்பு எழுதினார்கள்? நான் கேள்விப்படவில்லை.

யாத்திராகமம் 12-க்கு வருகிறேன். எகிப்தில் இஸ்ரவேலர் இன்னும் அடிமைகளாக இருக்கும்போதே கர்த்தர் சொல்லும் முதல் காரியம், இந்த மாதம் உங்களுக்கு முதல் மாதமாயிருக்கட்டும் என்பது. ஆட்டுக்குட்டியைப் பற்றிய கட்டளைகூட அதற்குப் பிறகுதான். இது ஏன் முதலில்? 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஒபதியா ஸ்போர்னோ என்ற யூத உரைகாரர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். அடிமைத்தனத்தில் இருந்தவரை உங்கள் நாட்கள் உங்களுடையவையாக இருக்கவில்லை, எஜமான் சொன்ன வேலைக்கே போயின. இனி மாதங்கள் உங்களுடையவை என்பதுதான் அந்தக் கட்டளையின் கருத்து என்றார். அடிமைக்கு நாட்காட்டி எதற்கு? அவனுக்குத் திங்கள் என்ன, செவ்வாய் என்ன? என்று விதைப்பது, என்று ஓய்வது, என்று பிள்ளைக்குக் காது குத்துவது என்பதையெல்லாம் இன்னொருவன் தீர்மானிக்கும் இடத்தில் மாதப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்த விளக்கத்தை முதலில் படித்தபோது எனக்கு எகிப்து ஞாபகம் வரவில்லை, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை ஞாபகம் வந்தது. நாடு விடுதலை அடைந்தது 1947-ல். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-ல். கல்வராயன் மலை மட்டும் 1976 வரை ஜாகிர்தார்கள் கையிலேயே இருந்தது. இந்தப் பக்கம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்; சேலத்துப் பக்கம் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் ஜாகிர்கள். மலைக்காரன் வரி கட்டியது ஜாகிருக்கு, ஊழியம் செய்ததும் ஜாகிருக்கு. கீழே கள்ளக்குறிச்சியில் ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் வேறொரு காலம் ஓடிக்கொண்டிருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976-ல். மலையாளிகள் என்று அழைக்கப்படும் அந்த மலைமக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அவர்களிடமும் புறப்பட்டு வந்த கதை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை, நான் அவர்கள் கதையை நம் கதையாக்கிக்கொள்ள வரவில்லை. ஆனால் முதல் மாதம் என்றால் என்னவென்று கேட்டால், இந்த ஜில்லாவில் அதற்குச் சரியான பதில் சொல்லக்கூடியவர்கள், 1976-க்கு முன்னும் பின்னும் அந்த மலையில் வாழ்ந்த கிழவன் கிழவிகள்தான். வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் அவர்கள் காலடியில் போய் உட்காரலாம்.

விடுதலை ஒருமுறை வந்தால் தங்கிவிடும் என்று வேதம் சொல்லவில்லை. உபாகமத்தில் 16-ஆம் அதிகாரம் ஆபிப் மாதத்தைக் கவனித்துக் கைக்கொள்ளச் சொல்லித் தொடங்கும். அதற்கு முந்தின 15-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். ஏழாம் வருஷம் அடிமையை விடுதலை பண்ணு, பண்ணும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, ஆட்டு மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் எடுத்துக் கொடு என்கிறது. வெறுங்கையாய் அனுப்பினால் அவன் மறுபடி கடன் வாங்கி மறுபடி அடிமையாவான் என்று மோசேக்குத் தெரியும். எரேமியா 34-ல் அதுதான் நடந்தது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் பயந்துபோய் உடன்படிக்கை பண்ணி அடிமைகளை விடுதலையாக்குகிறார்கள். முற்றுகை கொஞ்சம் தளர்ந்ததும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொள்கிறார்கள். அதற்குக் கர்த்தரின் பதில் பயங்கரமானது: நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகவே நான் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்கள்மேல் விடுதலை கொடுக்கிறேன் என்ற கருத்தில் பேசுகிறார்.

மலையில் இன்று ஜாகிர் இல்லை. முன்பணம் இருக்கிறது. சாமை ஆடி மழைக்கு விதைத்து, மழைக்காலம் முடிவதற்குள் அறுத்துவிடுவார்கள். குச்சிக்கிழங்கைப் பிடுங்கிச் சேகோ ஆலைக்கு ஏற்றினால் கிடைத்த விலை கிடைத்ததுதான். அப்புறம் கடுக்காய் பொறுக்கலாம், புளி உலுக்கலாம், தேன் எடுக்கலாம். அதிலே வருஷம் முழுவதும் ஓடாது. மேஸ்திரி வந்து முன்பணம் கொடுப்பான். அண்ணன் கரும்பு வெட்டப் போவான், தம்பி செங்கல் சூளைக்குப் போவான், இன்னொருவன் மிளகுத் தோட்டத்துக்குக் கேரளா பஸ் ஏறுவான். பணம் முதலில் வாங்கியவனுக்குத் திரும்பி வரும் தேதி அவன் கையில் இல்லை. பங்குனி மாதத்தில் மலைக்கு ஏறிப் பாருங்கள். பூட்டிய கதவு எத்தனை, கிழவியும் குழந்தையும் மட்டும் இருக்கும் வீடு எத்தனை என்று தெரியும்.

2024 ஜூனில் நம் கண் முன்னால் நடந்ததையும் நான் தாண்டிப் போக முடியாது. இதே ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தெருவில் வரிசையாகச் சாமியானா பந்தல். எகிப்தில் சாவில்லாத வீடு இல்லை என்று படிக்கிறோமே, அந்த அதிகாரத்தை அதற்குப் பிறகு இந்த ஊரில் சத்தமாக வாசிக்கும்போது கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். சாராயம் என்றதும் எல்லாரும் மலையைக் கை காட்டினார்கள். காய்ச்சியவன் உண்டு, மறுக்கவில்லை. அங்கே வேறு என்ன பிழைப்பு விட்டு வைத்தோம் என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்காக எடுத்துக் கேட்டது. சபை கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பஸ்காச் சட்டத்தில் நம் கண்ணில் படாமல் போகிற சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. மாதத்தின் 10-ஆம் தேதி ஆட்டுக்குட்டியைத் தெரிந்துகொண்டு 14-ஆம் தேதி வரை வீட்டில் வைத்திருக்க வேண்டும். நாலு நாள் வீட்டில் கட்டிய குட்டியைப் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிடும். அதன் பிறகு அறுப்பது லேசான காரியம் இல்லை. ஒரு வீட்டார் அதைச் சாப்பிட்டு முடிக்கப் போதாதென்றால் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீதி வைக்கக் கூடாது. அதே அதிகாரத்தின் முடிவில், சுதேசிக்கும் அந்நியனுக்கும் ஒரே பிரமாணம் என்று வருகிறது. அண்டை வீட்டாரோடு ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும் என்ற இந்த ஒரு வரிதான் நம் தென்னார்க்காட்டுச் சபைச் சரித்திரத்தை ஆட்டி வைத்திருக்கிறது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனில் ஊழியம் செய்தவர். சபைக்குள் சாதியை விட்டுவைப்பதா என்ற விவாதத்தில் தன் மிஷனோடு ஒத்துப்போகாமல் பிரிந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று ஓர் இடத்தை அமைத்தார். 1860-களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான். திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே பல இருக்கும்.

அந்த விவாதம் 19-ஆம் நூற்றாண்டோடு முடிந்ததா? நம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச் 9, தபசு காலத்து ஞாயிற்றுக்கிழமை. பழம்பெரும் கத்தோலிக்கப் பங்கு அது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். ஒரே ஊரில், ஒரே மாதாவிடம் ஜெபமாலை சொல்லுகிறவர்கள் இரு பிரிவாக மோதிக்கொண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இரண்டு வாரம் கழித்து ஈஸ்டர். இதைக் கத்தோலிக்கரைக் குறை சொல்ல எடுக்கவில்லை. சீர்திருத்தச் சபைகளின் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள், சுவர் எங்கெங்கே நிற்கிறது என்று தெரியும். பஸ்கா ஆட்டுக்குட்டியைப் பற்றி மணிக்கணக்காகப் பிரசங்கம் பண்ணுகிறோம். அண்டை வீட்டார் என்ற வார்த்தை வரும் இடத்தில் தாண்டிப் போய்விடுகிறோம்.

புளிப்பு மாவையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஈஸ்ட் பொட்டலம் கிடையாது. தயிருக்கு உறை ஊற்றுவது போல நேற்றைய மாவில் ஒரு உருண்டையை எடுத்து வைத்து இன்றைய மாவில் சேர்ப்பார்கள். நாளைக்கு இதிலிருந்து ஒன்று. அப்படியே பாட்டி காலத்திலிருந்து ஒரே புளிப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆபிப் மாதத்தில் ஏழு நாள் அந்தத் தொடர்ச்சியை அறுக்க வேண்டும். எகிப்தில் பிசைந்த மாவின் உறை கானானுக்கு வரக் கூடாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, நம் பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டிருக்கிறார், ஆகையால் பழைய புளிப்பை எறிந்துவிட்டுப் பண்டிகை கொண்டாடுவோம் என்கிற கருத்தில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். சாதியைவிடப் பழைய புளிப்பு நம்மிடம் எது? தலைமுறை தலைமுறையாக ஒரு உருண்டை எடுத்து வைத்துக்கொண்டேதான் வருகிறோம். ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்தும் அது பொங்குகிறது.

பவுல் பெயரைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று கலாத்தியரை அவர் கடிந்துகொள்ளவில்லையா? கொலோசெயருக்கு எழுதும்போது மாதப்பிறப்பை வருங்காரியத்தின் நிழல் என்று சொல்லவில்லையா? சொன்னார். அதே பவுல் புளிப்பில்லாத அப்ப நாட்கள் முடிந்த பிறகே பிலிப்பியிலிருந்து கப்பல் ஏறினார். பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் போய்ச் சேர அவசரப்பட்டார். அப்போஸ்தலர் 20-ஐப் பாருங்கள். மாதத்தை வைத்து அவர் தன் பிரயாணத்தை ஒழுங்கு பண்ணினார், மாதத்துக்குப் பயப்படவில்லை. நிசான் 14-ஐயே பிடித்துக்கொண்ட ஆசியா மைனர்ச் சபைகளும், ஞாயிறுதான் வேண்டும் என்ற ரோமாபுரிச் சபையும் இரண்டாம் நூற்றாண்டில் இதற்காகச் சண்டை போட்டதும், 325-ல் நிசேயா சங்கம் ஈஸ்டரை யூதக் கணக்கிலிருந்து பிரித்ததும் நீண்ட கதை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஈஸ்டர் இன்றைக்கும் நிலாவை விடவில்லை. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்றுதான் கணக்கு. காலண்டரில் அது ஏன் வருஷா வருஷம் நகருகிறது என்று பிள்ளைகள் கேட்டால், ஆபிப் மாதத்திலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.

முதற்கதிரை அசைவாட்டும் சடங்கை நாமும் பங்குனியில் நடத்த வேண்டுமா என்று ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். வேண்டாம். பங்குனியில் நம் மலையில் காய்ந்த தரைதான் இருக்கிறது. நம் அறுப்பின் பண்டிகை நம் மழையைப் பார்த்து நடக்கட்டும். கானானுக்குள் வந்த இஸ்ரவேலர் கில்காலில் பஸ்கா ஆசரித்த மறுநாள் அந்தத் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்டார்கள், அதற்கடுத்த நாள் மன்னா நின்றுபோனது என்று யோசுவா 5 சொல்கிறது. அதிசயம் நின்ற மாதமும் இதுதான். அன்றிலிருந்து உழுதுதான் சாப்பிட்டார்கள்.

கடைசியாக, எண்ணாகமம் 9. வனாந்தரத்தில் முதல் பஸ்கா ஆசரிக்கும்போது சில பேர் மோசேயிடம் வருகிறார்கள். பிரேதத்தைத் தொட்டதால் எங்களால் சேர முடியவில்லை, நாங்கள் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே பதில் சொல்லாமல், பொறுங்கள், கர்த்தரிடம் கேட்டு வருகிறேன் என்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன தலைவர். பதில் வருகிறது: பிரேதத்தால் தீட்டானவனும், தூரப் பிரயாணம் போயிருக்கிறவனும், இரண்டாம் மாதம் 14-ஆம் தேதி பஸ்காவை ஆசரிக்கட்டும். அதே புளிப்பில்லாத அப்பம், அதே கசப்பான கீரை, எலும்பு முறியாத அதே ஆடு. ஒன்றும் குறைவில்லை. எசேக்கியா ராஜா பின்னால் ஒரு வருஷம் தேசம் முழுவதற்குமே இரண்டாம் மாதத்தில் பஸ்கா நடத்தினார். ஆசாரியர்கள் போதுமான அளவு சுத்தம் பண்ணிக்கொள்ளவில்லை, ஜனங்கள் வந்து கூடவில்லை என்பது காரணம்.

தூரப் பிரயாணம் போனவன். சாவு வீட்டில் நின்றவன். இந்த இரண்டு பேரும் நம் மாவட்டத்தில் யார் என்று நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மலைச் சபைகளில் இருக்கும் போதகர்மாரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ஈஸ்டர் ஆராதனையை நடத்துங்கள், அதிகாலை எழுந்து பாடுங்கள், யார் வந்தார்களோ அவர்களோடு நடத்துங்கள். அதோடு முடித்துவிடாதீர்கள். சூளையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் விதைப்புக்குத் திரும்பி வருவார்கள் அல்லவா, அப்போது இன்னொரு ஈஸ்டர் நடத்துங்கள். திருவிருந்து கொடுங்கள். காலையில் அதே பாட்டுகளைப் பாடுங்கள். மத்தியானம் ஒரே பந்தியில் சாமைச் சோறும் குழம்பும் போடுங்கள். கிறிஸ்தவன் அல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்காரட்டும். மோசேக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தது. நீங்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது. தேதியை நான் குறிக்கப் போவதில்லை, கமிட்டியும் குறிக்க வேண்டாம். முன்பணம் கழிந்து கடைசி ஆள் எந்த பஸ்ஸில் ஏறி வருகிறான் என்று வீட்டில் கேளுங்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். வராமலே போனவன் யாராவது இருந்தால், அவன் எந்தச் சூளையில் இருக்கிறான், எவ்வளவு பாக்கி என்று மேஸ்திரி சொல்கிறான் என்பதை எழுதிக்கொண்டு இரண்டு பேர் தாலுகா ஆபீசுக்குப் போங்கள். கொத்தடிமையை மீட்கும் அதிகாரம் கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் 1976 சட்டத்திலேயே இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர இங்கே கீழே ஆள் இருக்கிறோம்.